பட அட்டைகளின் விலை

அரிய பொருளே விலைமிக்கது என்பர். கல்லூரி நாளில் முத்திரை சேர்த்த நாமும் அவ்வாறே எண்ணினோம். அருமை மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கரின் விளையாட்டு வீரர் பட அட்டைகள் சான்று.

1909 முதல் 1911 வரை சிகரட் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்ட பேஸ்போல் அட்டைகளுள் ஹோனஸ் வாக்னருடையது மிக அரிது. அவர் இசையாமையால் அச்சீடு நின்றதென்பர். இன்று அறியப்பட்டவை ஏறக்குறைய அறுபது. ஒன்று 2022இல் 72½ இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அவ்வாண்டே மிக்கி மான்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டையொன்று 126 இலட்சம் டொலர் பெற்றது! இவ்வகை அட்டைகளோ ஆயிரத்துக்கு மேல் உள. ஆயினும் மூலை மழுங்காது, புதுமை குன்றாதிருப்பன மிகச் சில; மான்டிலின் ஆட்டத்தைக் கண்டு களித்த சிறுவர் பின்னாளிற் செல்வராகி அவற்றையே தேடினர். அவ்வேட்கை எழுமுன், 1960இல், அத்தொடரில் விற்காது எஞ்சிய அட்டைகளை வெளியிட்ட கம்பனியாரே பெட்டி பெட்டியாகக் கடலிற் கொட்டினர்.