சர்ச்கேட் எதிரே ஈராஸ்

மும்பை சர்ச்கேட்டில் ரயிலை விட்டு இறங்கி ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் சாலையைக் கடக்கும்போது எதிரே நிற்பது ஈராஸ் திரையரங்கு. அதை அண்ணாந்து பார்க்க நேரம் உள்ளவர்கள் குறைவு. மஸ்டர் ரோல் காத்துக்கொண்டிருக்குமே!

ஒரு காலத்தில் ரயில் சர்ச்கேட்டோடு முடியாமல் கொலாபா வரை ஓடியது. 1930 இறுதியில் கொலாபா நிலையம் மூடப்பட்டது. சர்ச்கேட் கடைசி நிலையமாயிற்று. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் புதுப்பாணிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. அவற்றில் ஒன்றாக 1938 பிப்ரவரியில் ஈராஸ் திறக்கப்பட்டது. கட்டியவர் பார்சி செல்வந்தர் ஷியாவக்ஸ் கம்பாட்டா. வரைபடம் போட்டவர் சொராப்ஜி பேத்வார்.

இரண்டு சிறகுகள் மூலையில் வந்து கூடுகின்றன. கூடும் இடத்தில் வட்ட வட்டமாகக் குறுகிக்கொண்டே போகும் கோபுரம். முகப்பில் ஒரு பகுதிக்கு ஆக்ராவின் சிவப்பு மணற்கல், மற்றது பாலேட்டு நிறம். 'ஆர்ட் டெக்கோ' என்பது இந்தப் பாணியின் பெயர். உள்ளே கறுப்பு வெள்ளைச் சலவைக்கல் முகக்கூடம், இடையிடையே பொன் பூச்சு. மாடிப்படிக்கு குரோமியக் கைப்பிடி. மாதச் சம்பளக்காரனும் டிக்கெட் வாங்கிவிட்டால் அந்தப் படியில் ஏறலாம் என்பதுதான் அதன் பெருமை.

எதிரே உள்ள மேற்கு ரயில்வே தலைமை அலுவலகம் 1899இல் முடிந்தது. வி.டி. நிலையத்தைக் கட்டிய எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸின் கைவண்ணம். அவருடைய மகன் சார்லஸ் ஸ்டீவன்ஸ் கல்லையும் கூர்மாடத்தையும் விட்டு, 1933இல் கொலாபாவில் ரீகல் திரையரங்கைப் புதுப்பாணியில் கட்டினார். ஒரே குடும்பத்தில் தலைமுறை மாறியதும் ஊரின் முகமே மாறிவிட்டது.

தமிழ்ப் படத்துக்கு நம்மவர்கள் மாதுங்கா அரோராவுக்குத்தான் போனார்கள். ஈராஸ் பெரும்பாலும் ஆங்கிலப் படத்துக்குப் பேர்போனது. 1,204 பேர் உட்காரலாம்.

2018இல் ஓவல் மைதானத்தைச் சூழ்ந்த கட்டடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, ஈராஸும் அதில் அடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அப்போது அது பூட்டிக் கிடந்தது. சில ஆண்டுகள் அப்படியே கிடந்து, 2024 பிப்ரவரியில் ஐமாக்ஸ் அரங்காகத் திறந்தார்கள். இருக்கைகள் சுமார் 300. நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. வெளிச்சுவரைக் காப்பாற்றியது நல்லதுதான். ஆனால் பழைய பெரிய கூடத்தில் ஆயிரம் பேர் சேர்ந்து சிரித்த சிரிப்பை எந்தச் சட்டம் காக்கும்?

முகப்பைப் பார்க்கக் காசு வேண்டாம். மாலையில் ரயிலுக்குக் கால்மணி நேரம் இருந்தால், ஓவல் மைதானத்தின் வடமூலையில் நின்று பாருங்கள். மேற்கே சாயும் வெயிலில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் ராஜாபாய் மணிக்கூண்டு, இரண்டும் ஒரே பார்வையில் தெரியும்.