கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்

ஸ்ரீவராகம் லட்சுமி வராகர் கோயில் குளத்தின் பக்கம் குடியிருப்பவர்களுக்கு முகூர்த்த நாள் எதுவென்று அறியப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் குப்பைத் தொட்டியருகே காக்கைகள் கூடிவிடும். இலையில் மிச்சம் வைத்ததாவது போகட்டும். கரண்டி படாத சாதமும் சாம்பாரும் அண்டாவோடு கவிழ்க்கப்படுவதைத்தான் மனம் ஏற்பதில்லை.

1994ல் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த முதல் மாதம் ஒரு ஹர்த்தால். சட்டைப்பையில் காசு இருந்தது, திறந்த ஓட்டல்தான் இல்லை. மாலை வரை குழாய்த் தண்ணீர். பக்கத்து வீட்டு மாமி தாமாகவே கூப்பிட்டு மோர் சாதம் போட்டார். ஒரு நாள் பசிக்கே, போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கொச்சி கலூரில் 'பப்படவடா' என்ற உணவகத்தை நடத்திய மினு பாலின் இந்தக் கூச்சத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்பேன். பசித்த ஒரு பெண் இரவில் குப்பையைக் கிளறி உணவு தேடுவதை அவர் கண்டார். 2016 மார்ச்சில் தம் கடை வாசலில் 420 லிட்டர் குளிர்பதனப் பெட்டி ஒன்றை வைத்து, அதற்கு 'நன்மை மரம்' என்று பெயரிட்டார். பூட்டு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் திறக்க முடிந்தது. உணவு வைப்பவர் பொட்டலத்தின் மேல் தேதி எழுத வேண்டியிருந்தது. எடுப்பவர் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காசு நம்முடையதாயினும் பண்டம் ஊருடையது என்பது அவர் கருத்து.

கல்யாண அண்டாவுக்கு அந்தப் பெட்டி போதாது. அதற்குக் கோயம்புத்தூரில் பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் 2014ல் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். மண்டபத்தில் மிஞ்சியதைப் பெற்று, பசித்தவர் இருக்குமிடத்துக்கே கொண்டு போகிறார்கள். 2019ல் பத்மநாபனுக்குக் காமன்வெல்த் இளைஞர் விருது கிடைத்தது. இந்த வேலையில் எதிரி கடிகாரம்தான். தேங்காய் அரைத்த அவியலும் கூட்டும் நம் ஊர்ப் புழுக்கத்தில் முதலில் கெடும். சாயங்காலம் யோசித்துக்கொள்ளலாம் என்றால், பிறகு கொடுப்பது தானமாகாது, வயிற்று வலியாகும்.

பிரான்சில் அராஷ் டெராம்பார்ஷ் என்பவர், சட்டக் கல்லூரி மாணவராக இருந்தபோது நாளுக்கு ஒரே வேளை முழுச் சாப்பாடு சாப்பிட்டவர். பின்பு நகர்மன்ற உறுப்பினரான அவர் இதற்காகக் குரல் எழுப்பியவர்களில் முக்கியமானவர். 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அங்காடிகள், விற்காமல் மிஞ்சிய நல்ல உணவை அழிக்கக் கூடாதென்று 2016 பிப்ரவரியில் அங்கே சட்டமே வந்தது.

2022ல் மட்டும் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்று ஐ.நா. கணக்கிட்டது. அதில் பாதிக்கு மேல் ஓட்டல்களிலோ மண்டபங்களிலோ வீணானதல்ல. வீடுகளில், நம் அடுக்களைகளில்!

நம் சங்க விருந்துக்கும் ஒரு வார்த்தை. எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். பந்தி முடிந்தவுடன் மிஞ்சியதைப் பொட்டலம் கட்ட நாலு பேர் வேண்டும். நான் ஒருவன் இருக்கிறேன்.