பந்தல்

சென்ற கோடை விடுமுறையில் உடன்குடியில் எங்கள் சித்தியின் திருமணம் நடந்தது. வாசலில் வண்ணத் துணிச் சாமியானா போட்டிருந்தார்கள். தாத்தா மட்டும், "பந்தல் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "ஓலையே இல்லையே, இது எப்படித் தாத்தா பந்தல் ஆகும்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

பள்ளி திறந்ததும் நூலகத்து ஆங்கில அகராதியில் ‘பேண்டல்’ என்ற சொல்லைக் கண்டேன். ஆங்கிலேயர் நமக்குத் தந்த சொல்லோ என்று திகைத்தேன். "இல்லை, நம்மிடமிருந்து அங்கே போன சொல்" என்றார் எங்கள் தமிழாசிரியை.

சங்க இலக்கியத்தில் இச்சொல் ‘பந்தர்’ என்று வரும். சாம்பல் சாம்பர் என்றும் வழங்குவது போல, பந்தல் பந்தர் என்றும் வழங்கும். அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகிறார். வரிசையாகக் கால்கள் நட்ட குளிர்ந்த பெரிய பந்தர். அதன் கீழே கொண்டுவந்து பரப்பிய மணல். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் திருமணம் முத்துப் பந்தரின் கீழ் நடக்கிறது. ஆங்கிலத்தில் புகுந்த இச்சொல் வங்காளத்திலும் வழங்குகிறது. கல்கத்தாவில் துர்க்கை பூசைக்கு மூங்கிலாலும் துணியாலும் அமைப்பவற்றை அங்குள்ளோர் ‘பேண்டல்’ என்றே அழைக்கின்றனர். அவ்விழாவை யுனெஸ்கோ 2021-இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ‘சாமியானா’வோ பாரசீகத்திலிருந்து வந்த சொல்.

மண வீட்டிலும் பந்தல் உண்டு. துக்க வீட்டிலும் பந்தல் உண்டு. கோடையில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல். கொல்லையில் புடலங்கொடிக்கும் ஒரு பந்தல். முத்தோ, துணியோ, ஓலையோ, மேலே எது இருந்தாலும் பெயர் மாறவில்லை. காலை நட்டு, வருவோருக்கு நிழலும் கொடிக்குத் தாங்கலும் கொடுப்பதே பந்தல். தாத்தா சொன்னது சரிதான்.

அகநானூற்றுச் செய்தியை அவரிடம் சொன்னேன். "ஏளா, அந்தக் காலத்துலயும் மணல் விரிச்சாங்களா? நாங்க தேரி மணலை விரிப்போம்!" என்று மகிழ்ந்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "இப்போ பனையேற ஆளில்லை. ஓலைக்கு எங்கே போக?" என்றார்.

மறுநாள் காலையில் கொல்லையில் நான்கு கம்புகளை நட்டிருந்தார். பனை நாரை என் கையில் கொடுத்து, முடிச்சுப் போடக் கற்றுத் தந்தார். என் முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மூன்றாவது நின்றது. இன்று அதன்மேல் அவரைக் கொடி படர்கிறது. தோழியரே, சொல்லை அகராதி காக்கும். முடிச்சை நம் கைகள் அல்லவா காக்க வேண்டும்!