தொற்றுநோய்ப் பரவலில் மருத்துவ மாணவர்களின் ஆயத்தநிலை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி

மருத்துவம், செவிலியம், துணை மருத்துவப் படிப்புகளைப் பயிலும் மாணவர்கள் ஒரு தொற்றுநோயைப் பற்றி அறிந்திருப்பது விழிப்புணர்வு எனப்படும். அந்நோய் பரவும்போது தம்மையும் நோயாளியையும் காத்துக்கொண்டு பணியாற்ற இயல்வது ஆயத்தநிலை ஆகும். இரண்டும் ஒன்றல்ல. கிருமியின் பெயரையும் அறிகுறிகளையும் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவரே, கவச உடையைக் கழற்றும்போது தொற்றுக்கு உள்ளாகலாம்.

முன்நிகழ்வுகள்

1952இல் டென்மார்க்கின் கோபன்கேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்குப் போதிய கருவிகள் இல்லை. மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். பல வாரங்கள் இரவும் பகலும் முறைவைத்து அந்தப் பையை அழுத்தியவர்கள் ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள். அவர்கள் நோயியலில் வல்லுநர்கள் அல்லர். ஒரு செயலைச் சரியாகச் செய்யப் பழகியிருந்தார்கள். இறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது.

இந்தியாவில் கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே 3 அன்று ஒன்றிய அரசு பயிற்சி மருத்துவர்களைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கோவிட் பணியில் ஈடுபடுத்த அனுமதித்தது. எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர்கள் தொலைபேசி ஆலோசனைக்கும், லேசான பாதிப்புள்ளோரைக் கண்காணிக்கவும் பயன்படுத்தப்படலாம் என்றது.

தொழிற்பகுதியின் தன்மை

அதே மே மாத இறுதியில், தொழிலாளர்கள் தொற்று அச்சத்தை எழுப்பியதை அடுத்து, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும் ஒரகடம் ரெனோ–நிசான் ஆலையும் சில நாள்கள் உற்பத்தியை நிறுத்தின. ஆலைக்குள் இடைவெளி விட்டு நிற்கச் சொல்லலாம். வெளியூர்த் தொழிலாளர் தங்கும் விடுதியில் அது எளிதன்று. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். ஓர் அறைக்கு ஆறு பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் உடனே கவனிக்கப்பட வேண்டியவர்கள் மற்ற ஐவரும்தான்.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானதால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. உடன் தங்கியிருந்த தோழி எங்கே, எப்படியிருக்கிறாள் என்ற கேள்விக்கு உரிய நேரத்தில் உண்மையான பதில் கிடைப்பதும் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியே. வார்டில் நிற்கும் மாணவரிடமும் அக்கேள்வி வரும்; பாடநூல்கள் இதற்கு அதிக இடம் தருவதில்லை.

மாணவர்கள் பழக வேண்டியவை

கவச உடையை அணிவதைவிடக் கழற்றுவதே ஆபத்தானது. முதலில் கையுறையும் மேலங்கியும், பிறகு கண்ணாடி, கடைசியில் முகக்கவசம் என்ற வரிசை கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். இடையிலும் முடிவிலும் கைகளை ஆல்கஹால் திரவத்தால் 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும்.

நோயாளியிடம் விவரம் கேட்கும்போது அறிகுறிகளோடு, எந்த விடுதி, அறையில் எத்தனை பேர், எங்கே சாப்பிட்டார், எந்தப் பேருந்தில் வேலைக்குப் போகிறார் என்றும் கேட்க வேண்டும். ஒரே விடுதியிலிருந்து இரண்டு மூன்று பேர் ஒரே அறிகுறியோடு வந்தால், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் பணி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மருத்துவரின் ஐயத்தைப் பதிவு செய்யவே தனிப் படிவம் உண்டு. ஆய்வகம் உறுதிசெய்தவற்றுக்கு வேறு படிவம்.