திரையில் பார்த்த நீதிமன்றம்

எட்டாம் வகுப்பு ‘நீதித்துறை’ பாடத்தைத் தொடங்கும்போது, “நீதிமன்றத்தில் என்னென்ன இருக்கும்?” என்று கேட்பேன். புதுக்கோட்டை மாவட்டக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் நீதிமன்றத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் சுத்தியல், பகவத் கீதை, ‘மை லார்ட்’ எனக் கரும்பலகை நிறைந்துவிடும். எல்லாம் திரைப்படம் தந்த முன்னறிவு.

சட்டத்தையும் திரைப்படத்தையும் இணைத்து ஆராய்வது இன்று ஒரு கல்வித்துறை. படத்தில் உள்ளது சரியா என்பதோடு, நீதியைப் பற்றி அது மக்கள் மனத்தில் எதை விதைக்கிறது என்றும் அத்துறை கேட்கிறது. வகுப்பறைக்கும் இக்கேள்வி பொருந்தும்.

முதலில் தகவல்களைச் சரிபார்க்கலாம். நம் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி, சாட்சி கடவுள் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம். நூலின் மேல் கை வைக்கத் தேவையில்லை. ‘மை லார்ட்’ என்பதற்கு மாற்றுச் சொற்களை இந்திய வழக்கறிஞர் கழகம் 2006இல் அறிவித்துவிட்டது.

அடுத்தது கருத்து. ‘பராசக்தி’ (1952) படத்தில் குற்றம் சாட்டப்பட்டவரே கூண்டில் நின்று வாதாடுகிறார். இத்தகைய காட்சிகளைப் பார்த்து வளரும் பிள்ளை, நன்றாகப் பேசுபவருக்கே நீதி கிடைக்கும் என்று எண்ணிவிடக்கூடும். பேசத் தயங்கும் ஏழைப் பிள்ளைக்கு இது ஆபத்தான பாடம்.

‘ஜெய் பீம்’ (2021) வேறொன்றைக் காட்டுகிறது. கடலூர் மாவட்டத்தில் 1993இல் நடந்த காவல் மரணமும், வழக்கறிஞர் சந்துரு தொடுத்த ஆட்கொணர்வு மனுவும் அதன் அடிப்படை. படம் மூன்று மணி நேரத்துக்குள் முடிகிறது. உண்மையில் உயர் நீதிமன்றத் தண்டனைத் தீர்ப்பு 2006இல்தான் வந்தது. வன்முறைக் காட்சிகள் உள்ளதால் வகுப்பில் திரையிட வேண்டாம். வழக்கைக் கதையாகச் சொன்னாலே போதும்.

அப்படி ஒரு வழக்கறிஞர் எல்லோருக்கும் கிடைப்பாரா என்று மாணவர்கள் கேட்பார்கள். பாடத்தின் மையம் அதுதான். அரசியலமைப்பின் 39அ பிரிவு இலவசச் சட்ட உதவி வழங்கச் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோர் வருமான வரம்பின்றி அதைப் பெறலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

செயல்பாடாக, ‘திரையில்’, ‘உண்மையில்’ என இரு கட்டங்கள் வரைந்து மாணவர்களை நிரப்பச் சொல்லுங்கள். அடியில் அந்த எண்ணையும் எழுதச் செய்யுங்கள். அந்தக் குறிப்பேடு வீட்டுக்குப் போகும். தேவைப்படுபவர் அங்கேயும் இருக்கலாம்.