பாடசாலையில் பொதுவுடைமைச் சரித்திரம்

1955-ஆம் வருஷம் ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம மாதிரியிலான சமுதாயமே தேசத்தின் லட்சியமென்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் ருஷ்யத் தலைவர்களான குருஷேவும் புல்கானினும் இந்தியாவுக்கு விஜயம் செய்து கோலாகலமான வரவேற்புப் பெற்றனர். மூன்று மாதங்கூடக் கழியுமுன், 1956 பிப்ரவரி 25-ல், அதே குருஷேவ் மாஸ்கோவில் ரகசியக் கூட்டமொன்றில் ஸ்டாலினுடைய கொடுமைகளை எடுத்துரைத்தார்.

இம்மூன்றையும் ஆவடிப் பாடசாலை உபாத்தியாயர்கள் சேர்த்தே சொல்லவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். லட்சியத்தை மாத்திரம் கூறி, 1937-38-ல் ருஷ்யாவில் மரண தண்டனைக்குள்ளான ஏறக்குறைய 6,80,000 பேரை மறைப்பது கல்வியாகாது. 1932-33-ல் குடியானவர்களின் தானியத்தைச் சர்க்காரே பறித்ததால் உக்ரேனில் பல லட்சம் பேர் பட்டினியால் மாண்டனர். 1943 வங்காளப் பஞ்சத்திற்குப் பிரிட்டிஷாரைப் பொறுப்பாக்கும் நாம், இதற்கு வேறு தராசு தேடலாமா?

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் ருஷ்ய மாதிரி டாங்கிகள் உருவாகியிருக்கின்றன. அங்கு உழைப்பவரின் மகன், “ருஷ்யா நமக்கு உதவிய நாடல்லவா?” என்று கேட்பான். ஆமென்றே சொல்லட்டும், 1937-ஐயும் சொல்லட்டும்.

அதற்காக, கம்யூனிஸ்டுகள் செய்த கொலைகளை மாத்திரம் சொல்லி, அவர்கள் பலியான சம்பவங்களை விழுங்குவோருடனும் நமக்கு உடன்பாடில்லை. 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குடியரசு பிறந்து அன்றைக்குப் பதினாறே நாட்கள். சுட்டது வெள்ளையன் சர்க்காரல்ல, நம்முடையதே! ஆவடித் தீர்மானத்தைப் பெருமையுடன் பேசும் தேசபக்தர்களுக்கு இது கசக்கும். கசந்தாலும், உக்ரேனைப் படிக்கும் அதே வகுப்பிலேயே மாணவன் சேலத்தையும் படிக்கவேண்டும்.