கண்ணளவு போதாது: கணினி வரைவில் பாகங்களைப் பொருத்துதல்

தொழிற்கல்விப் பிரிவிலும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களிலும் கணினியில் முப்பரிமாண வரைவைத் தொடங்கும் மாணவர்கள், தனியொரு குழாயையோ பலகையையோ விரைவில் வரையக் கற்றுக்கொள்கிறார்கள். பல பாகங்களைச் சேர்த்து ஒரு மேசைச் சட்டகமாக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். பாகத்தைச் சுட்டியால் இழுத்து, கண்ணுக்குச் சரியாகப் படும் இடத்தில் விட்டுவிடுகிறார்கள். முன்னிருந்து பார்த்தால் பொருந்தியதுபோல் தெரியும். காட்சியை மேலிருந்து பார்க்கும்படி திருப்பினால் கால் ஓரிடத்திலும் சட்டம் வேறிடத்திலும் நிற்கும்.

ஆறு அசைவுகள்

வெளியில் தனியாக இருக்கும் திடப்பொருள் ஒன்றுக்கு ஆறு அசைவுகள் உண்டு. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளில் நகரலாம். அந்த மூன்று அச்சுகளைச் சுற்றியும் சுழலலாம். ஒரு பாகத்தைப் பொருத்துவது என்றால், இந்த ஆறையும் ஒவ்வொன்றாக நிறுத்துவது என்று பொருள்.

இதைக் கணினி இல்லாமலேயே காட்டலாம். ஒரு சுண்ணக்கட்டிப் பெட்டியை மேசைமேல் வைத்து, அடிப்பக்கம் மேசையை விட்டு எழக்கூடாது என்று சொல்லுங்கள். இனி அது மேலே போக முடியாது, எந்தப் பக்கமும் சாய முடியாது. மூன்று அசைவுகள் போயின. இப்போது பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். திரும்புவதும் சுவரிலிருந்து விலகுவதும் நின்றுவிடும். சுவரோரமாகச் சறுக்குவது மட்டும் மிச்சம். பக்கவாட்டில் ஒரு புத்தக அடுக்கை வைத்து அதோடும் ஒட்டினால் அதுவும் நிற்கும். முதல் முகம் மூன்று, அடுத்தது இரண்டு, கடைசி ஒன்று, ஆக ஆறு. மென்பொருளில் முகத்தோடு முகம் சேர்க்கும்போது நடப்பதும் இதுவே.

முதல் பாகம் அசையக்கூடாது

எல்லாப் பாகங்களும் மிதந்தால் எதை எதோடு பொருத்துவது? எனவே முதலில் கொண்டுவரும் பாகத்தை நிலைநிறுத்திவிட வேண்டும். கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேடின் 1.0 பதிப்பில் (2024 நவம்பர்) பாகங்களை ஒன்றுசேர்க்கும் வசதி உள்ளமைந்தே வருகிறது. நிலைநிறுத்தும் கட்டளையும், ஆறு அசைவுகளையும் ஒரே முறையில் நிறுத்தும் நிலையான இணைப்பும் அதில் உண்டு. கதவு, சக்கரம் போன்றவற்றுக்குச் சுழல் இணைப்பு, இழுப்பறைக்குச் சறுக்கு இணைப்பு என, வேண்டிய அசைவை மட்டும் விட்டுவைக்கவும் முடியும்.

ஒரு மேசைச் சட்டகம்

1200 மி.மீ. நீளமுள்ள மேசைக்கு 25 மி.மீ. சதுரக் குழாயில் கால்களும், அவற்றுக்கிடையே குறுக்குச் சட்டமும் வேண்டும். பல மாணவர்கள் சட்டத்தையும் 1200 மி.மீ. என்றே வரைவார்கள். அதைக் கண்ணளவில் வைத்தால் இரு முனைகளும் கால்களுக்குள் 25 மி.மீ. புகுந்து மறைந்துகொள்ளும். மேசை 1200 ஆகவே தெரியும். திரையில் இரும்புக்குள் இரும்பு புகும், பட்டறையில் புகாது.

அதே சட்டத்தின் முனை முகத்தைக் காலின் உள் முகத்தோடு இணைத்து, மறுகாலையும் அவ்வாறே சேர்த்தால் மொத்த நீளம் 1250 ஆகிவிடும். அளந்து பார்த்த உடனே பிழை தெரியும். சட்டத்தின் சரியான நீளம் 1200 − 50 = 1150 மி.மீ. என்று மாணவரே கண்டுபிடிப்பார். குழாயை அறுத்த பிறகு தெரியவரும் பிழை இங்கே அறுப்பதற்கு முன்பே பிடிபடுகிறது.

வகுப்பில் செய்து பார்க்க

மாணவர் முடித்த சட்டகத்தை இரண்டு வழிகளில் சோதியுங்கள். ஒரு பாகத்தைச் சுட்டியால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசைந்தால் எந்த அசைவு மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு சட்டத்தின் நீளத்தை 1150இலிருந்து 950 ஆக்கச் சொல்லுங்கள். இணைப்பு சரியாக இருந்தால் மறுகால் கூடவே நகர்ந்து, மேசை 1000 மி.மீ. ஆகும். கண்ணளவில் வைத்திருந்தால் கால் பழைய இடத்திலேயே நிற்கும், சட்டம் எட்டாது. எங்கே இணைப்பு விட்டுப்போனது என்பதை மாணவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.